பழைய கல்லறைத் தோட்டத்தில் எதைச் செய்யலாம், எதைத் தொடக்கூடாது: கற்களும் மரங்களும்

நீங்கள் கேட்டது இது: பன்னிரண்டு பேர் கொண்ட உங்கள் குழுவுக்கு நூற்றைம்பது ஆண்டுக்கு மேல் பழமையான ஒரு கல்லறைத் தோட்டத்தைப் பராமரிக்க வாய்ப்புக் கிடைத்திருக்கிறது. கற்களில் கறுப்பும் பச்சையும் படிந்து எழுத்து தெரியவில்லை. கல்லறைகளின் வெடிப்புகளிலேயே மரக்கன்றுகள் முளைத்திருக்கின்றன. பெரிய மரம் ஒன்றின் வேர் மூன்று கற்களைச் சாய்த்துவிட்டது. கல்லை எதைப் போட்டுக் கழுவுவது, அந்த மரத்தை வெட்டிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இதற்கு அடியில் இருக்கிற கேள்வி வேறு என்று நினைக்கிறேன். இந்தத் தொழிலைக் கற்காதவர்கள் எந்த வேலையில் தைரியமாக இறங்கலாம், எதில் கை வைக்கவே கூடாது என்பதுதான் அது. அதற்குப் பதில் சொன்னால் மற்ற இரண்டுக்கும் வழி கிடைத்துவிடும்.

செய்யப்போகிற ஒவ்வொரு வேலையையும், தவறினால் சரிசெய்ய முடியுமா முடியாதா என்று கேட்டுப் பிரித்துவையுங்கள். புல் வெட்டுவது, குப்பை அள்ளுவது, படம் எடுப்பது, எழுத்தைப் படித்துக் குறித்துவைப்பது ஆகியவற்றில் தவறு நேர்ந்தாலும் பெரிய நஷ்டம் இல்லை. கல்லைச் சுரண்டுவது, சிமென்ட் பூசுவது, வேரை வெட்டுவது, மரத்தைச் சாய்ப்பது அப்படியல்ல. ஒருமுறை உதிர்ந்துபோன எழுத்து ஒருபோதும் திரும்பாது. இப்படிப்பட்ட இடங்களில், கைவிட்டுப்போன காலத்தில் வந்த சேதத்தோடு, அக்கறையோடு வந்தவர்கள் முதல் மாத உற்சாகத்தில் செய்துவிட்ட சேதமும் சேர்ந்தே கிடக்கும். ஆகவே முதல் வருடம் சரிசெய்யக்கூடிய வேலைகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

முதலில் அனுமதி. நிலம் யார் பெயரில் இருக்கிறது, பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவிக்கப்பட்டிருக்கிறதா, மரம் வெட்டத் தனி அனுமதி வேண்டுமா என்ற மூன்றையும் விசாரித்து, எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வாய்மொழி அனுமதி பொறுப்பில் இருப்பவர் மாறும்வரைதான். அனுமதிக் கடிதத்திலேயே, எந்த வேலைக்கு மறுபடியும் கேட்க வேண்டும் என்பதையும் எழுதிவாங்கினால் பின்னால் சங்கடம் வராது.

அடுத்தது பதிவு. இடத்தைச் சிறு பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொரு கல்லறைக்கும் ஒவ்வொரு மரத்துக்கும் எண் கொடுத்து வரைபடத்தில் குறியுங்கள். எண்ணைக் கல்லில் பெயின்டால் எழுதக் கூடாது. ஆணி அடித்த தகடும் மரத்துக்கு வேண்டாம். வரைபடமும் படமும் போதும். ஒவ்வொரு கல்லையும் முன், பின், இரு பக்கம் என நான்கு படம், அளவுகோல் தெரியும்படி எடுங்கள். எழுத்தைப் படியெடுக்கும்போது இருவராக உட்காருங்கள்: ஒருவர் படிக்க, மற்றவர் எழுத. பிழையோடு செதுக்கியிருந்தால் பிழையோடே எழுதுங்கள், வரி எங்கே உடைகிறதோ அங்கேயே உடையுங்கள், படிக்க முடியாத எழுத்துக்கு அடைப்புக்குறிக்குள் புள்ளி வையுங்கள். ஊகித்து நிரப்பிய ஒரு தேதி, பின்னால் வருகிற எல்லாப் பட்டியலிலும் உண்மையாகிவிடும்.

எழுத்து தெரியவில்லை என்றால் கல்லைத் தேய்க்காதீர்கள், வெளிச்சத்தை மாற்றுங்கள். நேர் எதிரே விழுகிற ஒளியில் தேய்ந்த எழுத்து மறைந்துபோகும். அதே கல்லில், பக்கவாட்டில் முகத்தை ஒட்டியபடி ஒளி விழுந்தால் ஒவ்வொரு எழுத்தின் விளிம்பும் ஒரு நிழல்கோடு போடும். அந்தி நேரத்தில் ஒரு டார்ச்சைக் கல்லின் ஓரத்தில் கிட்டத்தட்டப் படுத்தாற்போல் பிடித்து மெல்ல நகர்த்திப் பாருங்கள்; வெறும் பரப்பு என்று நினைத்த இடத்தில் ஆண்டு எண் ஒன்று எழுந்து வரும். பகலில் ஒரு நிலைக்கண்ணாடியால் வெயிலைத் திருப்பினாலும் இதே பலன். எழுத்தைத் தெளிவாக்க மாவு, சாக்பீஸ், ஷேவிங் கிரீம் எதுவும் பூசாதீர்கள். மாவு நுண்துளைகளில் தங்கிப் பூஞ்சைக்கு இரையாகும். சாக்பீஸ் தூள் கல்லில் உராய்ந்து கோடு போடும். ஷேவிங் கிரீமில் உள்ள கொழுப்பு அமிலமும் எண்ணெயும் எத்தனை கழுவினாலும் முழுதாக வெளியேறாது.

இன்னொன்று: இடம் முழுவதையும் ஒரே மூச்சில் வெட்டி வெளியாக்கிவிடாதீர்கள். நிழலில் பல ஆண்டு இருந்த தரையில் திடீரென வெயில் பட்டால், மண்ணில் உறங்கிக்கிடந்த களை விதைகள் எல்லாம் முளைக்கும். ஆறு மாதத்தில் முன்பைவிட அடர்ந்த புதர் வந்துவிடும். செடிகள் தாங்கி நின்ற பலவீனமான கற்கள் சாயும். யாருக்கும் தெரியாமல் கிடந்த உலோகச் சிலுவையும் கம்பிவேலியும் திருடர் கண்ணில் படும். உங்கள் பன்னிரண்டு பேரால் வருடம் முழுவதும் மறுபடி மறுபடி வெட்டிப் பராமரிக்க முடிகிற அளவு எவ்வளவோ, அவ்வளவே முதலில் திறக்க வேண்டும். முதல் வருடத்துக்கு ஐந்தில் ஒரு பங்கு என்பது நல்ல அளவு.

இப்போது கழுவுவது. கல் எது என்று முதலில் தெரிய வேண்டும். கிரானைட் கடினம், நீர் அதிகம் உறிஞ்சாது. மார்பிளும் சுண்ணாம்புக்கல்லும் கால்சியம் கார்பனேட். அமிலம் பட்டால் கரையும். மணற்கல் அடுக்கடுக்காக உரியும். கழுவலாமா என்று முடிவெடுக்க மூன்று சோதனை போதும். விரல் கணுவால் கல்லின் முகத்தை மெல்லத் தட்டுங்கள்: கணீரென்று கேட்டால் திடமாக இருக்கிறது, பொள்ளென்று கேட்டால் உள்ளே அடுக்கு பிரிந்திருக்கிறது, அதைத் தொடாதீர்கள். விரல் நுனியால் மெல்ல வருடுங்கள்: மார்பிளில் சர்க்கரைத் துகள் போல ஒட்டிக்கொண்டு வந்தால், படிகங்களைப் பிணைத்திருந்த பிடி போய்விட்டது என்று பொருள், அந்தக் கல்லை நீர் ஊற்றிக்கூடத் தேய்க்கக் கூடாது. மூன்றாவதாக, வெடிப்போ பொருக்கோ தெரிகிறதா என்று பாருங்கள். மூன்றிலும் தேறிய கல்லை மட்டும் கழுவலாம்.

வேண்டியது சுத்தமான தண்ணீர், மென்மையான நார் அல்லது நைலான் பிரஷ், மூங்கில் சீவல் அல்லது ஐஸ்குச்சி, கையால் அடிக்கும் ஸ்ப்ரேயர். முதலில் கண்ணில் படாத ஒரு மூலையில், உள்ளங்கை அளவில் செய்து பார்த்து, காய்ந்த பிறகு நிறத்தைப் பாருங்கள். பிறகு கல் முழுவதையும் நன்றாக நனையுங்கள். காய்ந்த கல் அழுக்கு நீரை உள்ளே இழுத்துக்கொள்ளும், நனைந்த கல் இழுக்காது. கீழிருந்து மேலாகச் சிறு சிறு பகுதியாக, வட்டமாகத் தேய்த்து, உடனுக்குடன் அலசுங்கள். மேலிருந்து தொடங்கினால் வழிகிற அழுக்கு, காய்ந்த கீழ்ப்பகுதியில் கோடு கோடாக இறங்கிவிடும்; அந்தக் கோட்டை எடுக்க மறுபடி அதிகமாகத் தேய்க்க வேண்டிவரும். முதல் அலசலில் பச்சையும் பழுப்புமாக ஓடுகிற நீர் தெளிந்துவரும்போது நிறுத்திவிடுங்கள். புதிய கல் போல ஆக வேண்டும் என்பது குறி இல்லை; எழுத்து தெரிந்தால் போதும். கற்கள் உறைபனியில் இருக்கும் காலத்திலோ, தொட்டால் சுடுகிற வெயிலிலோ இந்த வேலை வேண்டாம். ஒரே கல்லை அடிக்கடி கழுவவும் கூடாது. பல ஆண்டுகளுக்கு ஒருமுறை என்பதே போதும்.

தண்ணீருக்கு அசையாத கறுப்புப் படலம் பெரும்பாலும் உயிருள்ள பொருள்: பாசி, பூஞ்சை, நுண்ணுயிர். இதற்கென்றே கற்சின்னப் பாதுகாப்பில் பயன்படுகிற, குவாட்டர்னரி அம்மோனியம் என்ற, நுண்ணுயிரைக் கொல்லும் வேதிப்பொருள் அடிப்படையிலான, அமில-கார நடுநிலைக்கு அருகில் இருக்கிற திரவங்கள் உண்டு. தெளித்து, பத்துப் பதினைந்து நிமிடம் ஈரம் காயாமல் வைத்து, தேய்த்து அலச வேண்டும். அன்றைக்கு முழுதாகப் போகாது. அடுத்த சில வாரங்களிலும் மாதங்களிலும் மழையில் தானாக வெளுத்து வரும். இது தெரியாமல் அன்றே இரண்டாம் முறை, மூன்றாம் முறை தேய்ப்பவர்கள்தான் கல்லின் தோலை எடுத்துவிடுகிறார்கள்.

பிளீச்சிங் வேண்டவே வேண்டாம். அன்று பளிச்சென்று வெளுக்கும். அதில் மிஞ்சுகிற உப்பு நுண்துளைக்குள் இறங்கி, ஈரம் காயும்போதெல்லாம் படிகமாகி உள்ளிருந்து தள்ளும். சில ஆண்டு கழித்துக் கல்லின் முகம் பொருக்குப் பொருக்காக உதிரும்போது காரணம் யாருக்கும் நினைவிருக்காது. ஆசிட், வினிகர், சோப்புத்தூள், கம்பி பிரஷ், பிரஷர் வாஷர், மணல் வீச்சு எல்லாமே இந்தப் பட்டியலில் சேரும். கம்பி பிரஷ் கீறுவதோடு நிற்காது, உடைந்த இரும்புத் துகள்களைக் கல்லில் விட்டுப்போகும், அவை துருப்பிடித்து ஆரஞ்சுக் கறையாகும். கழுவி முடித்துப் பளபளப்புக்காக சீலர் என்கிற, ஈரத்தை அடைக்கும் பூச்சு அடிப்பதும் தவறு. தரையிலிருந்து ஏறுகிற ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே தேங்கி, பூச்சோடு சேர்த்துக் கல்லின் முகத்தையும் தள்ளிவிடும்.

இதுவரை சொன்னதில் எனக்குச் சந்தேகம் இல்லை. லைக்கன் என்கிற, கல்லில் வட்டவட்டமாக ஒட்டிவளர்கிற உயிரி விஷயத்தில் அப்படிச் சொல்ல முடியாது. சில வகைகள் ஆக்சாலிக் அமிலம் சுரந்து சுண்ணாம்புக்கல்லை அரிப்பது உண்மை. சில வகைகள் கல்லுக்கு ஒரு மேற்போர்வை போல நிற்பதும் உண்மை. வருடத்துக்கு ஓரிரு மில்லிமீட்டரோ அதைவிடக் குறைவாகவோ வளர்கிறவை பல. உள்ளங்கை அளவு வட்டம் என்றால் பல பத்தாண்டு வயது இருக்கலாம். மணற்கல்லில் ஒட்டியதைப் பிய்த்தால் கல்லின் துகளும் சேர்ந்தே வரும். எழுத்தை மறைக்காத லைக்கனை விட்டுவிடுவதே என் கருத்து. கல்லில் படரும் ஐவி போன்ற கொடிகளும் இதே ரகம். ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பழைய சுவர்களில் அளந்து பார்த்தபோது, திடமான சுவரில் படர்ந்த ஐவி வெப்பநிலை ஏற்ற இறக்கத்தைக் குறைத்துக் காப்பது தெரிந்தது. வெடிப்புக்குள் வேர்விட்ட ஐவி சுவரைப் பிளப்பதும் தெரிந்தது. எடுப்பது என்று முடிவானால் இழுக்காதீர்கள். அடித்தண்டை ஒரு விரல் நீளத்துக்கு வெட்டி இடைவெளி விட்டு, மேலே உள்ளது காய்ந்து பிடி தளரும்வரை பல மாதம் காத்திருந்து, தானாக வருவதை மட்டும் எடுங்கள்.

சாய்ந்த கற்களை நிமிர்த்துவது உங்கள் குழுவில் எல்லோருக்கும் ஆசையாக இருக்கும். கணக்கு ஒன்றைப் பாருங்கள். ஒன்றரை மீட்டர் உயரம், அறுபது சென்டிமீட்டர் அகலம், பத்து சென்டிமீட்டர் கனமுள்ள பலகைக்கல்லின் கன அளவு 0.09 கன மீட்டர். மார்பிளும் கிரானைட்டும் ஒரு கன மீட்டருக்குச் சுமார் 2,700 கிலோ. ஆக அந்தக் கல் 243 கிலோ. பார்வைக்கு மெல்லிசாகத் தெரிகிற இந்தக் கல் காலில் விழுந்தால் கால் போய்விடும். கல்லறைக்கல் சரிந்து குழந்தைகள் இறந்த சம்பவங்கள் பல நாடுகளில் நடந்திருக்கின்றன. ஆகவே லேசாகத் தள்ளினால் ஆடுகிற கல்லைச் சுற்றி முதலில் கயிறு கட்டித் தடுங்கள். நிமிர்த்துகிற வேலைக்கு, கனம் தூக்கும் மூன்றுகால் தாங்கியும் செயின் பிளாக் என்ற சங்கிலிக் கப்பியும் நைலான் பட்டையும் கையாளத் தெரிந்த கல்வேலைக்காரர் வேண்டும். முறையைத் தெரிந்துவைத்திருங்கள்: பலகைக்கல்லின் மொத்த உயரத்தில் கால் முதல் மூன்றில் ஒரு பங்கு மண்ணுக்குள் இருக்க வேண்டும், குழியின் அடியில் ஜல்லியும் மணலும் போட்டு இறுக்கி, தூக்குக்குண்டும் ரசமட்டமும் வைத்து நிறுத்தி, சுற்றிலும் அடுக்கடுக்காகக் கிட்டிக்க வேண்டும். கான்கிரீட்டில் பதிக்கக் கூடாது. மண் அசையும்போது ஜல்லியில் நிற்கிற கல் கூடவே கொஞ்சம் சாயும், மறுபடி நிமிர்த்தலாம். கான்கிரீட்டில் இறுகிய கல் தரைமட்டத்தில் ஒடியும்.

உடைந்த துண்டுகளைச் சேர்த்து, எந்தக் கல்லறையின் துண்டு என்று சீட்டுக் கட்டி, மரக்கட்டைமேல் தரையில் படாமல் வையுங்கள். இரும்புக் கம்பி செருகி ஒட்டாதீர்கள். பழைய கல்லறைகள் பலவற்றில் அந்தக் காலத்திலேயே போட்ட இரும்புப் பிடிகள்தான் இன்று கல்லை உடைக்கின்றன. துரு, இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொண்டு கல்லைப் பிளக்கிறது.

சந்து பூசுவதற்கும் இதே தர்க்கம். இங்கிலாந்தில் ஜோசப் ஆஸ்ப்டின் போர்ட்லாண்டு சிமென்டுக்குக் காப்புரிமை வாங்கியது 1824இல். அது பரவலாகப் புழங்கியது பின்னால்தான். பழைய கல்லறைகள் அநேகம் சுண்ணாம்புச் சாந்தில் கட்டியவை. சாந்து எப்போதும் கல்லைவிட, செங்கல்லைவிட மென்மையாக இருக்க வேண்டும். அப்போது ஈரமும் உப்பும் சாந்து வழியாக வெளியேறும், தேய்வது சாந்தாக இருக்கும். சிமென்டால் சந்தை அடைத்தால் ஈரம் கல் வழியாகவே போக வேண்டிவரும், தேய்வது கல்லாகிவிடும். நீற்றிப் புளிக்கவைத்த சுண்ணாம்புக் குழம்பு ஒரு பங்கு, சலித்துக் கழுவிய கூர்மணல் மூன்று பங்கு என்பது வழக்கமான கலவை. பழைய தளர்ந்த சாந்தைச் சந்தின் அகலத்தைப் போல இரு மடங்கு ஆழத்துக்குச் சுரண்டி எடுத்து, நனைத்து, அழுத்தி நிரப்பி, ஒரு வாரம் ஈரச் சாக்குப் போட்டு மூடுங்கள். சாக்கு வெயிலில் காய்ந்துவிட்டால் சாந்து இறுகுவதற்குப் பதில் தூளாகும். சுண்ணாம்பு வேலையில் நடக்கிற தோல்விகளில் பல இந்த ஒரு காரணத்தால்தான்.

புல் வெட்டுவதுதான் உங்கள் கையில் அதிக நேரம் இருக்கப்போகிற வேலை. கவனம் பிசகுவதும் அதில்தான். நைலான் நரம்பு சுழல்கிற மெஷின், கல்லின் அடியில் ஒவ்வொரு முறையும் ஒரு வெள்ளைக் கீறல் விடும். இளமரத்தின் பட்டையைச் சுற்றிச் சீவிவிட்டால் மரமே பட்டுப்போகும். கல்லிலிருந்தும் அடிமரத்திலிருந்தும் முப்பது சென்டிமீட்டருக்குள் கைக்கத்தரியும் அரிவாளும் மட்டும். மெஷின் ஓட்டுகிறவருக்குப் புல்லில் மறைந்த உடைந்த கல்லும் குழியும் தெரியாது. முன்னால் ஒருவர் நடந்து கொடி நட்டுவிட்டுப் போக வேண்டும். கல்லைச் சுற்றிக் களைக்கொல்லி அடித்து வட்டமாக வெறுந்தரை ஆக்குவது சுலபமாகத் தெரியும். ஆனால் வேர்ப்பிடி போன மண் மழையில் அரித்து ஓடும், கல் சாயும், சேறு தெறித்து எழுத்தில் படியும், மருந்தின் உப்பும் கல்லுக்குள் ஏறும். வெட்டிய குப்பையை அங்கேயே எரிக்காதீர்கள். சூட்டில் கல் தெறித்து உரியும். பெட்டி வடிவக் கல்லறைகளின் மேற்பலகையில் ஏறி நிற்காதீர்கள், உள்ளே வெற்றிடம். புற்றும் பொந்தும் தேன்கூடும் உள்ள இடத்தில் கனத்த பூட்ஸும் நீண்ட கோலும் இல்லாமல் நுழையாதீர்கள். எல்லோரும் டெட்டனஸ் ஊசி போட்டுக்கொண்டிருப்பது நல்லது.

மரங்களுக்கு வருகிறேன். கல்லறைத் தோட்டத்து மரங்களைக் கல்லின் எதிரிகளாகப் பார்க்கிற பழக்கம் பலருக்கு உண்டு. ஆனால் பல இடங்களில் மரங்கள் கல்லோடு சேர்த்தே திட்டமிட்டு நடப்பட்டவை. அமெரிக்காவில் பாஸ்டன் அருகே மவுன்ட் ஆபர்ன் கல்லறைத் தோட்டத்தை 1831இல் நிறுவியதே ஒரு தோட்டக்கலைச் சங்கம். லண்டனில் 1840இல் திறந்த அப்னி பார்க்கில், சுற்றுப்பாதை நெடுக மரஞ்செடிகளை அகரவரிசைப்படி நட்டு, கல்லறைத் தோட்டத்தையே மரக்காட்சிச் சாலையாக ஆக்கியிருந்தார்கள். அதே லண்டனில் 1839இல் தொடங்கிய ஹைகேட், கவனிப்பாரற்றுப் போனபோது தானாக முளைத்த மரங்களால் காடாக மூடிக்கொண்டது. அதை மீட்க 1975இல் உருவான தன்னார்வக் குழு, காட்டை முழுதாக அழிக்காமல் மரம் மரமாக முடிவெடுக்க வேண்டியிருந்தது. உங்கள் இடத்திலும் முதல் கேள்வி இதுவே: எது நட்ட மரம், எது தானாக வந்த மரம்? பாதையோரம் சம இடைவெளியில் ஒரே வயதுள்ள வரிசை, வாசலின் இருபுறமும் ஜோடி, ஒரு குடும்பத்தின் கல்லறை மூலையில் நிற்கும் ஒற்றை மரம் ஆகியவை நட்டவை. வெடிப்பிலும் சுவரோரத்திலும் ஒழுங்கில்லாமல் நிற்பவை பறவையும் காற்றும் போட்டவை. நட்ட மரம் அந்தத் தோட்டத்தின் ஆவணம். கல்லைப் போலவே அதற்கும் எண்ணும் படமும் வேண்டும்.

வெடிப்பில் முளைத்த கன்றை, விரல் கனம் வருவதற்குள் எடுத்துவிட வேண்டும். மழை பெய்து சாந்து ஊறியிருக்கும்போது, எதிர்ப்பில்லாமல் வந்தால் வேரோடு இழுக்கலாம். கொஞ்சம் எதிர்த்தாலும் நிறுத்துங்கள். வேரோடு கல்லும் வரும். ஆல், அரசு முதலான அத்தி இனங்கள் இதில் மிகக் கடினமானவை. அவற்றின் வேர் சாந்தைத் தின்றபடி சந்து சந்தாக ஓடும். மேலே எத்தனை முறை வெட்டினாலும் உள்ளே இருக்கிற துண்டிலிருந்து மறுபடி துளிர்க்கும். தரைமட்டத்தில் வெட்டி, வெட்டிய சில நிமிடங்களுக்குள், பட்டைக்கு உட்புறமுள்ள பச்சை வளையத்தில் மட்டும், கிளைபோசேட் போன்ற களைக்கொல்லி மருந்தைச் சிறு தூரிகையால் தடவுவதே பலன் தருகிற முறை. அரை மணி கழித்துத் தடவினால் வெட்டுவாய் மூடிக்கொள்ளும், மருந்து இறங்காது. அந்த மருந்துக்கு உங்கள் பகுதியில் அனுமதி உண்டா என்று பார்த்து, கையுறையோடு, கல்லில் சொட்டாமல் செய்யுங்கள். துளிர் வந்தால் அடுத்த பருவத்தில் மறுபடி. வேர் முழுதாக இறந்து சுருங்கிய பிறகு, வருகிற அளவுக்கு இழுத்து, மிஞ்சிய இடைவெளியைச் சுண்ணாம்புச் சாந்தால் நிரப்புங்கள். கடைசிப் படியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். இறந்த வேர் உளுத்துப்போனதும் அது பிடித்திருந்த இடம் ஓட்டையாகும்; மரம் இருந்தவரை நின்ற சுவர், மரம் போன சில வருடங்களில் இடியக்கூடும். வேர் கணுக்கால் கனத்துக்கு மேல் போய்க் கல்லறையையே கட்டிப்பிடித்திருந்தால், முட்டுக் கொடுக்காமல் எடுக்கவே கூடாது.

பெரிய மரத்தின் வேரைப் பற்றி ஒரு கணக்கு. ஆணிவேர் ஆழமாக இறங்கியிருக்கும் என்று எல்லோரும் நினைக்கிறோம். வளர்ந்த மரத்தின் பெரும்பாலான வேர்கள் மேல் அறுபது சென்டிமீட்டர் மண்ணிலேயே, தலையின் நிழலையும் தாண்டிப் பரவியிருக்கும். நெஞ்சு உயரத்தில் அடிமரத்தின் சுற்றளவை அளந்து 3.14ஆல் வகுத்தால் விட்டம். அந்த விட்டத்தின் பன்னிரண்டு மடங்கை ஆரமாகக் கொண்ட வட்டத்துக்குள் தோண்டக் கூடாது, மண் நிரப்பக் கூடாது, கனமான பொருளைக் குவிக்கக் கூடாது. சுற்றளவு 157 சென்டிமீட்டர் என்றால் விட்டம் 50, ஆரம் ஆறு மீட்டர். இது பிரிட்டனில் கட்டுமானத் தளங்களுக்கு வகுத்த அளவு. மரம் கோட்டுக்கு வெளியே வேர் விடாது என்று பொருள் இல்லை, குறைந்தபட்ச எச்சரிக்கை என்று கொள்ளுங்கள். இந்த வட்டத்துக்குள் கட்டைவிரல் கனத்துக்கு, அதாவது இரண்டரை சென்டிமீட்டருக்கு மேலான வேரை நீங்களாக வெட்ட வேண்டாம். ஒரு பக்கத்துப் பெரிய வேரை வெட்டினால் மரம் அன்றைக்குச் சாயாது. அழுகல் உள்ளே ஏறி, பல ஆண்டு கழித்து ஒரு புயலில், வெட்டிய பக்கத்துக்கு எதிராக விழும், அதுவும் கல்லறைகள்மேல்.

கவாத்து செய்வதில், தரையில் நின்று கைரம்பத்தால் எட்டுகிற, மணிக்கட்டுக் கனத்துக்கு உட்பட்ட கிளைகள் மட்டும் உங்களுடையவை. ஏணி, மரம் அறுக்கும் மெஷின் இரண்டும் பயிற்சி பெற்றவர்களுக்கு. மூன்று வெட்டாக வெட்டுங்கள்: அடிமரத்திலிருந்து ஒரு முழ தூரத்தில் கீழிருந்து மூன்றில் ஒரு பங்கு, அதற்குச் சற்று வெளியே மேலிருந்து முழுதும், மிஞ்சிய குச்சியைக் கிளையின் அடியில் வீங்கித் தெரிகிற கழுத்துக்கு வெளியே ஒட்டினாற்போல் மூன்றாவது வெட்டு. முதல் கீழ்வெட்டு இல்லையென்றால் கிளையின் கனத்தில் பட்டை அடிமரம்வரை உரிந்துவிடும். கழுத்தோடு சேர்த்து வழவழவென்று சீவினால் வெட்டுவாய் சரியாக மூடாது. வெட்டுவாயில் தாரோ பெயின்டோ பூச வேண்டாம். மரம் காயத்தை ஆற்றுவதில்லை, சுவர் எழுப்பி அடைத்துவிடுகிறது என்று அமெரிக்க வனத்துறையின் அலெக்ஸ் ஷைகோ ஆயிரக்கணக்கான மரங்களை அறுத்துப் பார்த்துக் காட்டினார். அந்தச் சுவர் கழுத்தில்தான் உருவாகிறது. ஒரே வருடத்தில் பச்சைத் தலையில் கால்வாசிக்கு மேல் எடுக்காதீர்கள்.

வருடத்துக்கு ஒருமுறையும் ஒவ்வொரு பெருங்காற்றுக்குப் பிறகும் மரங்களைச் சுற்றி நடந்து பாருங்கள்: அடிமரத்தில் காளான், புதிதாக ஏற்பட்ட சாய்வு, ஒரு பக்கம் மண் பிளந்து எழும்பியிருத்தல், கவட்டையில் பிளவு, பாதைக்கு மேல் நிற்கிற பட்டுப்போன கிளை. இவற்றைக் கண்டால் பாதையை மூடிவிட்டு வல்லுநரை அழையுங்கள். எந்தக் காளான் எவ்வளவு ஆபத்து என்பதைப் படம் பார்த்து யாரும் உறுதியாகச் சொல்ல முடியாது, நானும்தான். பட்டுப்போன மரம் யார்மேலும் விழாத இடத்தில் நின்றால், பறவைகளுக்காக அடிமரத்தையாவது விட்டுவைக்கலாம். மரத்தை வெட்டியே ஆக வேண்டுமானால் தரைமட்டத்தோடு நிறுத்தச் சொல்லுங்கள். அடிக்கட்டையைப் பெயர்ப்பதும் மெஷினால் அரைப்பதும் கீழே புதைந்திருப்பவர்களைக் கலைக்கும். புயலில் வேரோடு சாய்ந்த மரத்தின் வேர்த்தட்டில் எலும்பு சிக்கி மேலே வருவது உண்டு. அப்படி நேர்ந்தால் அதை எடுக்காதீர்கள், படம் பிடித்துப் பரப்பாதீர்கள். சுத்தமான துணியால் மூடி, அந்த இடத்தைத் தடுத்து, நிலத்துக்குப் பொறுப்பானவருக்கும் காவல்துறைக்கும் சொல்லுங்கள்.

புதிதாக நடுவது கடைசி வேலை, அவசரமில்லை. பதிவின்படி யாரும் புதைக்கப்படாதது என்று உறுதியான இடத்தில், பெரிதாகாத இனங்களை, கல்லறையிலிருந்து குறைந்தது மூன்று மீட்டர் தள்ளி நடுங்கள். குழி வேர்க்கட்டியைப் போல இரண்டு மூன்று மடங்கு அகலம், ஆழம் அதன் உயரமே. அடிமரம் விரிகிற இடம் மண்ணுக்கு மேல் தெரிய வேண்டும். மூடாக்கு ஐந்து முதல் எட்டு சென்டிமீட்டர், தண்டைத் தொடாமல். இரண்டு மூன்று ஆண்டு வறண்ட வாரங்களில் தண்ணீர் சுமக்க ஆள் இருந்தால் மட்டும் நடுங்கள்.

இனி, மூன்று கற்களைச் சாய்த்த உங்கள் மரம். நேரில் பார்க்காமல் வெட்டலாம், வெட்ட வேண்டாம் என்று நான் சொல்வது சரியாகாது. ஆனால் பெரும்பாலும் இப்படிப்பட்ட சிக்கலில் நகர வேண்டியது கல். மூன்று கற்களையும் வல்லுநர் துணையோடு தூக்கி, வேரை விட்டு, அதே கல்லறையின் எல்லைக்குள் ஓரிரு முழம் தள்ளி ஜல்லியில் நிறுத்தி, பழைய இடத்தை வரைபடத்தில் குறித்துவைத்தால் கல்லும் பிழைக்கும், மரமும் பிழைக்கும். மரத்தை வெட்டினாலும் சாய்ந்த கல் தானாக நிமிராது. வேர் உளுத்து மண் இறங்கும்போது மறுபடி வேறு பக்கம் சாயும். அடிமரம் கல்லை விழுங்கியே விட்டிருந்தால் இரண்டையும் பிரிக்க முயலாதீர்கள். இந்த வாரம் செய்ய வேண்டியது: மரத்தின் சுற்றளவை அளந்துகொள்ளுங்கள், அடியிலிருந்து ஒவ்வொரு கல்லுக்கும் உள்ள தூரத்தைக் குறியுங்கள், மூன்று கற்களின் உயரம், அகலம், கனத்தை எடுத்து எடையைக் கணக்கிடுங்கள், சாய்வைத் தூக்குக்குண்டு விட்டு மில்லிமீட்டரில் எழுதுங்கள். ஆறு மாதம் கழித்து அதே இடத்தில் அதே அளவை எடுத்துப் பாருங்கள். எண் மாறாவிட்டால் வல்லுநருக்காகவும் அனுமதிக்காகவும் நிதானமாகக் காத்திருக்கலாம். மாறியிருந்தால் கயிற்றைக் கட்டிப் பாதையைத் திருப்பிவிட்டு, இந்தக் குறிப்பேட்டோடு மரப் பராமரிப்பு வல்லுநர், கல்வேலைக்காரர் இருவரையும் ஒரே நாளில் அந்த இடத்துக்கு அழைத்துவாருங்கள். தனித்தனியாக வந்தால் ஒருவர் மரத்தையும் மற்றவர் கல்லையும் மட்டும் பார்த்துவிட்டுப் போவார்.